ஒருவரும் பாடாத ஐந்தாவது குரல்

நவம்பர், புதன்

மழை. விடியவே இருட்டு. கந்தசஷ்டி முதல் நாள். பகலில் தண்ணீர், பின்னேரம் பாலும் ஒரு வாழைப்பழமும். நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் குசினியில் இன்றைக்கென்று பார்த்துப் பொரித்த கோழி. பிள்ளைகளின் தட்டுகளுக்கு அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டம்.

வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. காரணம் கேட்டார்கள். குடும்ப விசயம் என்றேன். பொய்யில்லை.

செய்ய வேண்டியது: ஆரஞ்சு ஸ்கார்ஃப் அயர்ன் பண்ண வேண்டும். கறுத்தச் சப்பாத்துக்குப் பொலிஷ். இவருக்கு மூன்று நாளைக்குச் சம்பல், பருப்பு. போன் சார்ஜர்.

பின்னேரம் இவோன் வீட்டுக் குசினியில் கடைசிப் பாட்டுப் பழகல். வழமையாகச் செவ்வாய், போட்டி வருவதால் இன்றைக்கும்.

நான் கிழவியாகி இந்தக் கொப்பியை எடுத்து வாசித்தால் ஆர் ஆரென்று மறந்து போயிருக்கும். எழுதி வைக்கிறேன். நாலு பெண்கள், வாத்தியம் இல்லை, நாலு குரல். ஜோன் நடுக்குரல், பாட்டைக் கொண்டு போகிறவள். முந்தி நர்ஸ். சுருதி ஊதுகிற வட்டக் குழல் எந்த நேரமும் கழுத்தில். வெண்டி உச்சக்குரல், கிளி. இவோன் ஜமேக்காக்காரி, மற்ற மூன்று பேரும் விட்டு வைத்த சுரங்களைப் பொறுக்கிப் பாடுகிறவள். "மிச்சக் கறி" என்று நான் கூப்பிடுவது. கீழ்க்குரல் நான். பரமேஸ்வரி என்ற பெயர் இவர்கள் வாயில் பாம். இப்படி நாலு பேர் பாடுகிற குழு குவார்ட்டெட், எங்கடை குவார்ட்டெட் பெயர் லேட் பஸ். வீட்டுக்குப் பக்கத்து நோர்பரி பஸ் ஸ்டொப்பில் நின்று நின்றே சிநேகிதமானதால்.

அவர்கள் பேசுவது இங்கிலீசு. நான் எழுதுவது எங்கடை தமிழில். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

என் குரலைக் கேட்டு பாங்க்காரன் இன்றைக்கும் போனில் ஆம்பிளை என்று நினைத்துச் "சேர்" என்றான். சின்னனில் தேவாரம் பாடும்போது ரீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னா. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் முடிந்தது, வாயசைப்பும் முடிந்தது. ஜோன் என்னைப் பிடித்ததே, சாப்பாட்டு ஹோலில் "லைனிலை நில்லுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில்தான். பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்க வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்குச் சுர நொட்ஸ் வாசிக்கத் தெரியாது. ஜோன் பாட்டுப் பதிவைப் போனுக்கு அனுப்புவாள். இடது காதில் கீழ்க்குரல், வலது காதில் மற்ற மூன்று. தட்டுக் கழுவிக் கழுவிப் பாடமாக்குவது.

நாலும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தால் மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். ஒருவரும் பாடாத குரல். மற்றக் குவார்ட்டெட்டுகளுக்கு வந்து கேட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பாட்டு முடிய நான் கேட்பேன்:

"ஐஞ்சாவது ஆள் எங்கை?"

இவோன் சொல்லுவாள்: "பஸ் லேட்."

இன்றைக்கும் அப்படியே. ஆனால் ஜோன் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடித்தது. மழைக்குள் தோட்டத்தில் போய் நின்று கதைத்தாள்.

"ஆரடி அது?" வெண்டியிடம் கேட்டேன்.

"தெரியாது. போட்டி முடியட்டும், ஒரு விசயம் கதைக்க வேணும் எண்டு மட்டும் சொன்னவள்."

போட்டி முடியட்டும். இந்தக் கதை எனக்குத் தெரியும். குரொய்டன் பக்கத்துக் குவார்ட்டெட் ஒன்றில் நடுக்குரல்காரி இப்படித்தான் சொன்னாள், வேறு இடம் போனாள், மிச்சம் மூன்று பேரும் இப்போது ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஜோன் போனால் லேட் பஸ் இல்லை. லேட் பஸ் இல்லாவிட்டால் எனக்குச் செவ்வாய்க்கிழமை இல்லை.

பசி வேறு.

வியாழன்

மழை விட்டது. காற்று. குசினி முடிய நேரே ட்ரெயின் பிடித்துக் குரொய்டன். போட்டி நடக்கிற பெரிய ஹோல். கழுத்தில் மாட்டப் பெயர் அட்டை தந்தார்கள். எங்கு பார்த்தாலும் பெண்கள், மினுங்கல் உடுப்பு, பொய் இமை. இவ்வளவு லிப்ஸ்டிக்கை நான் எங்கடை கலியாண வீட்டில்கூடக் காணவில்லை.

அறைகளுக்கு நடுவில் போகிற ஓடை, படிக்கட்டு, டொய்லெட் வாசல் எல்லா இடமும் பாட்டு. பாட்டின் கடைசித் துண்டு மட்டும். டேக் என்று பெயர். முன்பின் தெரியாத நாலு பேர் வட்டமாக நின்று பாடுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், போய்விடுவார்கள். குரலுக்கு ஒரு ஆள்தான். கீழ்க்குரலில் ஆள் நின்றால் இன்னொரு கீழ்க்குரல் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வருசம் எனக்கு அது தெரியாது. கோவில் பஜனை மாதிரி நானும் போய்ச் சேர்ந்து உரத்து இழுத்தேன். ஒரு மனிசி பார்த்த பார்வை! கோவிலில் பாடாமல் நின்றால் முறைப்பார்கள், இங்கே பாடினால்.

வெண்டி பிஸ்கட் நீட்டினாள்.

"ஒண்டுகூட ஏலாதா? சின்னத் துண்டு?"

"ஏலாது."

"உங்கடை கடவுள் பாத்துக்கொண்டா இருப்பார்?"

"அவருக்கு ஆறு முகம். ஒண்டாவது இந்தப் பக்கம் பாக்கும்."

ஜோனைக் காணவில்லை. தேடிப் போனேன். கீழ்த்தளத்தில் தீ பரவாமல் தடுக்கிற தீக்கதவு, நடுவில் ஒடுக்கமான கண்ணாடி. அதற்குள்ளால் பார்த்தால் ஜோன். அவளோடு நீல ஜக்கெட் போட்ட மூன்று பேர். சில்வர் லேன் குவார்ட்டெட். நகரத்தின் வடக்குப் பக்கத்து எட்மண்டன்காரிகள், வலு கெட்டிக்காரிகள். வட்டமாக நின்று பாடுகிறார்கள். கதவு தடிப்பு, சத்தம் அரைகுறை. ஜோனின் கண் மூடி இருந்தது. முடிந்ததும் நெட்டையாய் நின்றவள் ஜோனின் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். ஜோன் தலையைக் குனிந்தாள்.

மேலே வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து அவளும் வந்தாள்.

"எங்கை போனனீர்?"

"டொய்லெட்டுக்கு."

டேக் பாடினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். இங்கே எல்லாரும் எல்லாரோடும் பாடுவதுதான். அதற்கு ஒருவரும் பொய் சொல்வதில்லை.

"நல்ல டொய்லெட் போல. பாட்டெல்லாம் கேக்குது" என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

வீட்டில் இவர் டிவி. சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, ஜோன் எங்களை விட்டிட்டுப் போகப் போறாள்."

"அவ சொன்னவாவோ?"

"இல்லை. கண்ணாடிக்குள்ளாலை பாத்தனான்."

"கேட்டனீரோ?"

"இல்லை."

"ஊரிலை உள்ள எல்லாரிட்டையும் வாய் காட்டுவீர். ஒரு சொல்லுக் கேக்க வாய் வரேல்லை."

பால் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

வெள்ளி

வெயில்! நம்ப முடியவில்லை. போட்டி.

ஓரிடத்தில் இருக்க ஏலவில்லை. ஓடையில் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடை. ஆரஞ்சு ஸ்கார்ஃப் நாலு பேருக்கும்.

"ரோட்டுத் திருத்திற இடத்திலை வைக்கிற கோன் மாதிரி நிக்கிறம்" என்றேன். இவோன் சிரித்துச் சிரித்துக் கண்மை கரைந்து திரும்பப் போட்டாள். ஜோன் என் ஸ்கார்ஃபின் முடிச்சை இழுத்துச் சரி பண்ணினாள். எல்லாருக்கும் செய்கிறவள்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்த மாதிரி இருந்தது. பிரியாவிடைக்குச் செய்கிற மாதிரி.

மேடைக்குப் பின்னால் இருட்டு. உதட்டைப் பிர்ர் பிர்ர் என்று அடித்துக்கொண்டு வரிசை. குதிரைக் கொட்டில்தான்.

மேடை. முகத்துக்கு நேரே லைட். நடுவில் இருட்டுக்குள் நடுவர்கள், சின்னச் சின்ன விளக்குகள். ஜோன் ஊதினாள். முதல் பாட்டு நல்லம். சனம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. இரண்டாவது, வாசல் கேற்றில் விட்டுப் பிரிகிற பாட்டு. பழக்கத்தில் இவோனைக் கேட்டுப் பாடுகிற நான், இன்றைக்கு ஜோனையே பார்த்துக்கொண்டு பாடினேன். விட்டுப் போகிறவள் எப்படிப் பாடுகிறாள் என்று. அவள் நல்லாகத்தான் பாடினாள். நான்தான் பிடித்து அமத்தினேன். கீழ்க்குரல் அமத்தினால் முழுப் பாட்டின் சுருதியும் இறங்கும். இறங்கியது. வெண்டி மேலே நின்று இழுத்துப் பார்த்தாள், கிளி பாவம். முடிந்து மேடைக்குப் பின்னால் வந்து ஜோன் குழலை மெல்ல ஊதிப் பார்த்தாள். தொடங்கிய சுரம் எங்கேயோ, நாங்கள் நின்ற இடம் எங்கேயோ. குழலைச் சட்டைக்குள் போட்டாள்.

ஃபைனலுக்கு இல்லை.

பின்னேரம் நடுவர் ஒருவர் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். எல்லாருக்கும் செய்வது. மெலிந்த மனிசன், கையில் தேத்தண்ணி. என்னைப் பார்த்து:

"உங்கடை குரல் ஒரு கட்டிடத்துக்குப் போட்ட அத்திவாரம். இப்பிடி ஒண்டு லேசிலை கிடைக்காது. ஆனா இண்டைக்கு அத்திவாரம் ஓடித் திரிஞ்சது."

"பசியிலை சாப்பாடு தேடித் திரிஞ்சிருக்கும் சேர்" என்றேன். அவரும் சிரித்தார். ஜோன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்திவாரம் என்ற சொல்லில் அவள் முகம் ஒரு மாதிரிப் போனது.

வீட்டில் இவர்:

"என்னப்பா, கப் எங்கை?"

"ட்ரெயினிலை மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டன்."

சிரித்தார். பிறகு வாழைப்பழம் உரித்துத் தந்தார். உரித்துத் தருகிற ஆளில்லை.

சனி

மப்பு வானம். ஃபைனல் பார்க்க மட்டும். மூன்று பேருக்கும் பக்கத்தில் இருக்காமல் பின் வரிசையில் இருந்தேன். முதுகுவலி என்று சாட்டு.

சில்வர் லேன் வந்தார்கள். பாடினார்கள். இரண்டாம் அடியிலேயே ஐந்தாவது ஆள் வந்துவிட்டா. கூரையிலிருந்து இறங்குகிற மாதிரி. கையில் மயிர் சிலிர்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் ஜோனைத் திட்டினேன். இப்படி ஒரு இடத்துக்குப் போகிறவளை எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை.

மூன்றாம் இடம். பரிசு வாங்கிய பிறகு நெட்டையானவள் மைக்கில் சொன்னாள்: தங்கள் கீழ்க்குரல்காரி புருசனோடு நியூசிலாந்து போகிறாள், இதுதான் அவள் கடைசி மேடை. சனம் எழும்பி நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. வெறும் மண்டை, விரத மண்டை.

வெளியில் கோட் எடுக்கிற வரிசை. நெட்டையானவள் நேரே என்னிடம் வந்தாள். ஹன்னா என்று பெயர். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பிள்ளை.

"நீங்கள்தானே பாம்? ஜோன் சொல்லியிருப்பா. யோசிச்சனீங்களோ?"

"என்னத்தை?"

அவள் முகம் சிவந்தது. "ஐயோ. அவ சொல்லேல்லையோ? நாங்கள் ரெண்டு கிழமையாய் அவவிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறம். எங்களுக்குக் கீழ்க்குரல் வேணும். நீங்கள் வேணும். உங்கடை ஆக்களிட்டை முதல் கேக்காமல் உங்களிட்டைக் கேக்கிறது முறையில்லை எண்டுதான்..."

வாய் திறந்து திறந்து மூடினேன். ரீச்சர் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பா.

ஜோன் படிக்கட்டில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏனடியப்பா சொல்லேல்லை?"

"போட்டி முடியட்டும் எண்டு." பிறகு, "இல்லை. அது பொய். சொன்னா நீர் போயிடுவீர் எண்டு."

"நான் கண்ணாடிக் கதவாலை பாத்தனான். நீர்தான் போறீர் எண்டு நினைச்சன். ரெண்டு நாளாய்ச் செத்துப் பிழைச்சன்."

"நானோ? அவையிட்டை நடுக்குரல் இருக்குது. அங்கை வெறுமையாய்க் கிடந்த இடம் கீழ்க்குரல். ஒரு டேக் பாடுவம் எண்டு கேட்டிச்சினம், அந்த இடத்திலை நிண்டு நான் உறுமினன். கேக்கேல்லையோ?"

கேட்டேன்தான். ஜோன் கீழ்க்குரல் பாடுவது பீப்பாய்க்குள் விழுந்த பூனை என்பது எங்கடை பழைய பகிடி. அந்த வட்டத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. என் தொழிலே அடிதான், அது இல்லாததை நான் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பூனையைக் கண்டனான். கத்தினது விளங்கேல்லை" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அழுதோம் என்றும் எழுதலாம். கோட் வரிசை முடிந்துபோய் மண்டபக்காரன் எழும்பச் சொன்னான்.

ஞாயிறு

தூறல். கடைசி நாள். காலையில் எல்லாருமாய்ச் சேர்ந்து பாடுவது, பிறகு சாமான் கட்டுவது.

ஹன்னா ஓடையில் நின்றாள், மற்ற இருவரோடும். "ஒரு டேக் மட்டும். பிடிக்காட்டி விடுங்கோ."

ஜோனைப் பார்த்தேன். "போம், போம். டொய்லெட் கீழ்த்தளத்திலை" என்றாள். என் பகிடியை எனக்கே.

அதே தீக்கதவு. வட்டம். அந்தத் துண்டு எனக்குத் தெரிந்ததுதான், குசினியில் நூறு தட்டோடு கழுவியது. ஹன்னா கையை மெல்ல அசைத்தாள். நான் இறங்கினேன். அமத்தவில்லை. சும்மா வைத்தேன், தட்டை அடுக்கில் வைக்கிற மாதிரி. உடனே வந்தது. மூன்று பேரும் கண்ணை அகட்டினார்கள். முடித்த பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஐம்பத்திமூன்று வயதில் என் குரலுக்கு மேலே இப்படி ஒன்று நிற்கும் என்று ஆர் கண்டது.

நல்ல பிள்ளைகள். பகிடி விட்டால் சிரிக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோன்.

திரும்பி வரும் ட்ரெயினில்:

"வந்தது, என்ன?"

"ஓம்."

"எங்களுக்கு ஒரு நாளும் வரேல்லை."

"பஸ் லேட்."

"பாம், பகிடி வேண்டாம். நீர் போம். ரெண்டு குவார்ட்டெட்டிலை போட்டிக்கு நிக்கேலாது, அதுவும் தெரியும். போகாட்டி, ஒவ்வொரு செவ்வாயும் நான் உம்மடை முகத்தைப் பாத்து, இவள் என்னாலைதான் இஞ்சை நிக்கிறாள் எண்டு நினைப்பன். எனக்கு அது ஏலாது."

நோர்பரி வந்துவிட்டது. இரண்டு பேரும் இறங்க மறந்து தோர்ன்டன் ஹீத் போய்விட்டோமோ என்று யன்னலைப் பார்த்தால், இல்லை, தோர்ன்டன் ஹீத் நோர்பரிக்கு முந்தின ஸ்டேசன், அது முதலே போய்விட்டது. அவ்வளவு குழப்பம். பையைத் தூக்கிக்கொண்டு குதித்தோம்.

திங்கள்

குளிர், வெயில். சூரன்போர். வேலை முடிய இவரோடு பஸ், ட்ராம், விம்பிள்டன் பக்கக் கோவில். சனம். சூரன் தலையை மாற்றி மாற்றி வந்தான். யானைத் தலை, சிங்கத் தலை. நானும் காலையில் இருந்து அப்படித்தான். போகிறேன் என்று ஒரு தலை, போகவில்லை என்று ஒரு தலை.

இவரிடம் கேட்டேன்.

"எட்மண்டன் தூரமப்பா" என்றார். "ரெண்டு ட்ரெயின், நடுவிலை ட்யூப்."

"தூரத்தையே கேட்டனான்?"

கொஞ்சம் நடந்தார். "நேற்று அவையோடை பாடிப்போட்டு வீட்டை வந்த உம்மடை முகத்தை நான் முந்தி ஒரு நாளும் காணேல்லை. அதை யோசியும்."

வேல் குத்திச் சூரன் விழுந்தான். சேவலும் மயிலும். அரோகரா. என் தலை மட்டும் இன்னும் ஆடுகிறது.

செவ்வாய்

மழை. விரதம் முடித்துப் பாறணை. விடியச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு வேலைக்குப் போக நித்திரை.

பின்னேரம் இவோன் குசினி. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் என் இடம் விட்டிருந்தார்கள். ஜோன் மற்ற இருவருக்கும் சொல்லிவிட்டாள் போல. வெண்டியின் மூக்குச் சிவப்பு. பகிடி ஒன்று யோசித்துக்கொண்டு வந்தேன், பஸ்ஸில் இருந்து இறங்கினதோடு அது மறந்துவிட்டது.

"போறன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இவோன் கேத்திலைப் போட்டாள். திரும்பாமல் சொன்னாள்: "மிச்சக் கறி எண்டு இனி ஆரடி என்னைக் கூப்பிடுறது?"

"போன் எடுத்துக் கூப்பிடுறன்."

"சேர் எண்டு நினைச்சு வைச்சிடுவன்."

ஜோன் குழலை எடுத்தாள். "சரி. அந்தக் கேற்றுப் பாட்டு. ஒருக்கா."

பாடினோம். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. இவோனைக் கேட்டேன், பழையபடி. கடைசி அடியில், வெண்டி மேலே ஏறி நிற்க, நான் கீழே வைக்க, வந்தது. குளிர்ப்பெட்டிக்கு மேலே, லைட்டுக்குப் பக்கத்தில். நாலு பேரும் ஒரே நேரம் நிமிர்ந்து பார்த்தோம், கரப்பான் பூச்சியைக் கண்ட மாதிரி.

பாட்டு முடிந்தது.

"மூதேவி" என்றேன், மேலே பார்த்து. "இப்பவோ வாறாய்?"

கேத்தில் கொதித்து நின்றது.

"இன்னொருக்கா" என்றாள் ஜோன்.

பாடினோம். வரவில்லை. இன்னொரு தரம். வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னும் ஒரு தரம். இல்லை.

நல்லதென்று நினைத்துக்கொண்டு கோட்டைப் போட்டேன். திரும்பவும் வந்திருந்தால் நான் எட்மண்டனுக்கு எப்படிப் போவது.